ஆயிரத்துக்கு எத்தனை பேர்? ஜியாத் அல்-அலியின் லாங் கோவிட் ஆய்வுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020-இன் முதல் பாதியில் கோவிட் பற்றி உலகம் முழுக்க ஒரே கணக்குதான் சொல்லப்பட்டது. லேசாக வந்தால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கடுமையாக வந்தால் மருத்துவமனை, ஆக்சிஜன், சிலருக்கு மரணம். வீட்டிலேயே படுத்திருந்து, 'குணமடைந்தோர்' பட்டியலில் சேர்ந்தவர்களைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அவர்களில் பலருக்கு மூன்று மாதம் ஆகியும் மாடிப்படி ஏற முடியவில்லை. எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்தது. படித்த வரி மனதில் நிற்கவில்லை. இதை முதலில் சொன்னவர்கள் மருத்துவர்கள் இல்லை, நோயாளிகள்தான். 'லாங் கோவிட்' என்ற பெயரையே 2020 மே மாதம் ட்விட்டரில் எழுதியவர் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர். அவரும் நோயால் அவதிப்பட்டவர். நோயாளிகளே சேர்ந்து நடத்திய ஆய்வுக் குழு ஒன்று 56 நாடுகளிலிருந்து 3,762 பேரிடம் கேட்டு 203 அறிகுறிகளைப் பட்டியலிட்டது. அந்தக் கட்டுரை 2021 ஜூலையில் வெளிவந்தது.

மருத்துவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது கோவிடால்தான் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பல நோயாளிகளிடம் இந்தக் கேள்வி அவமதிப்பாகவே கேட்கப்பட்டது. பதற்றம், ஊரடங்கு மன உளைச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். ஆனாலும் கேள்விக்குள் நியாயம் இருந்தது. எந்த ஊரிலும் ஆயிரம் பேரை எடுத்து ஒரு வருடம் கவனித்தால் சிலருக்கு மாரடைப்பு வரும், சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை வரும், சிலருக்குத் தூக்கம் கெடும். கோவிட் வந்த ஆயிரம் பேருக்கும் இதெல்லாம் வரத்தான் செய்யும். கோவிட் வராமலிருந்திருந்தால் இந்த நோய்கள் வந்திருக்கக்கூடியதைவிட எத்தனை பேருக்குக் கூடுதலாக வந்தன என்பதுதான் விஷயம். அந்தக் 'கூடுதல்' கைக்குக் கிடைக்காதவரை ஒரு நோயாளியின் சொல்லுக்கு எதிராக ஒரு மருத்துவரின் சந்தேகம் நின்றுகொண்டே இருக்கும்.

அந்தக் கூடுதலை எண்ணிக் காட்டியதில் யாரையும்விட அதிகம் செய்தவர் ஜியாத் அல்-அலி. 2021 முதல் 2024 வரை அவருடைய குழு வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாகப் படித்தால், ஒவ்வொரு கட்டுரையும் முந்தையது எழுப்பிய ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முயல்வது தெரியும். அந்த வரிசையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிறுநீரக மருத்துவர் கையில் எப்படி வந்தது?

அல்-அலி தொற்றுநோய் நிபுணர் அல்ல. லெபனானில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர். மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரில், முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அதே நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் பணி. கோவிடுக்கு முன்பு அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி. வயிற்றுப் புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் வருடக்கணக்கில் சாப்பிடும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனவா? காற்றில் கலந்திருக்கும் நுண்துகள்கள் சர்க்கரை நோயைக் கூட்டுகின்றனவா? இரண்டாவது கேள்விக்கான அவருடைய கட்டுரை 2018-இல் லான்செட் குடும்பத்து இதழ் ஒன்றில் வந்தது.

இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் ஒரே மூலப்பொருள்தான்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மின்னணு மருத்துவப் பதிவுகள். அந்தத் துறையில் சுமார் 90 லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் ஃப்ளோரிடாவில் ரத்தம் கொடுத்து, அலாஸ்காவில் மாத்திரை வாங்கினாலும் எல்லாம் ஒரே பதிவில் சேரும். வியாதியின் பெயர், மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு, எடை, புகைப்பழக்கம், வசிக்கும் பகுதியின் வறுமை நிலை எல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்தன. யான் ஷியே என்ற தொற்றியல் ஆய்வாளரோடு சேர்ந்து இந்தக் குவியலில் வேலை செய்யும் முறையை அல்-அலி முன்பே பழகியிருந்தார். அதனால்தான் கோவிட் வந்து ஓராண்டு ஓடுவதற்குள் முதல் பெரிய கட்டுரையை எழுத முடிந்தது. கொள்ளை நோய் வந்த பிறகு பதிவேடு தொடங்குகிறவர்களால் இந்த வேகத்தில் வர முடியாது.

2021 ஏப்ரல்: முதல் எண்ணிக்கை

2021 ஏப்ரல் 22 அன்று நேச்சர் இதழில் வந்த கட்டுரை, கோவிட் வந்தும் மருத்துவமனையில் சேராமல் முதல் 30 நாளைத் தாண்டியவர்கள் 73,435 பேரை எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேராதவர்களைத் தேர்ந்தெடுத்ததுதான் இங்கே முக்கியம். லேசான கோவிட் என்று யாரும் கவலைப்படாமல் விட்ட கூட்டம் இது. ஒப்பீட்டுக்கு, கோவிட் பதிவாகாத சுமார் 49.9 லட்சம் பேர்.

எதைத் தேடுவது? நோயாளிகள் சொன்ன அறிகுறிகளை மட்டும் தேடியிருந்தால், தேடியதுதான் கிடைத்தது என்று யாராவது சொல்லிவிடலாம். அதனால் குழு வலையை அகலமாக விரித்தது: 379 நோய்கள், 380 மருந்து வகைகள், 62 ஆய்வகச் சோதனைகள். எது கூடியிருக்கிறது என்பதைத் தரவே சொல்லட்டும் என்று விட்டார்கள்.

கூடியது ஒரு உறுப்பில் மட்டும் இல்லை. நுரையீரல், இதயம், நரம்பு, வயிறு, சர்க்கரை, மனநலம் என்று பல பக்கமும் கூடியிருந்தது. வலி மாத்திரையும் மனச்சோர்வு மருந்தும் எழுதிக் கொடுப்பது கூடியிருந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள், கோவிட் வராதவர்களைவிட ஆயிரத்துக்குச் சுமார் 8 பேர் அதிகம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களைத் தனியாக எடுத்து, ஃப்ளூவால் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டபோது இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது: ஆயிரத்துக்குச் சுமார் 29 பேர். 'இதுவும் ஒரு ஃப்ளூதானே' என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட பேச்சுக்கு இதைவிட நேரான பதில் அன்று வேறு இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி இந்த எண்கள் அல்ல. முறைகளை விளக்கும் பகுதியில் ஒதுங்கி நிற்கும் ஒரு சோதனை.

பல லட்சம் பேரின் பதிவை வைத்துக் கணக்குப் போடும்போது ஒரு பெரிய ஆபத்து உண்டு. எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல் காட்டும். கருவியே கோணலாக இருந்தால் அது அளக்கும் எல்லாமே கோணல்தான். இதைச் சோதிக்க அல்-அலி குழு என்ன செய்தது? 2017 அக்டோபர் முதல் 2019 செப்டம்பர் வரை ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களை எடுத்து, ஒற்றைப்படைத் தேதியில் போட்டவர்கள் ஒரு குழு, இரட்டைப்படைத் தேதியில் போட்டவர்கள் இன்னொரு குழு என்று பிரித்தது. 13-ஆம் தேதி ஊசி போட்டவருக்கும் 14-ஆம் தேதி போட்டவருக்கும் அப்புறம் வரும் நோய்களில் வித்தியாசம் இருக்கக் காரணமே இல்லை. கோவிடுக்குப் பயன்படுத்திய அதே கணக்கு முறையை, ஒரு திருகுகூட மாற்றாமல், இந்த இரண்டு குழுக்கள்மீதும் ஓட்டினார்கள். வித்தியாசம் காட்டினால் முறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காட்டவில்லை. மறுபக்கம், கோவிடோடு சம்பந்தமே இருக்க முடியாத ஒரு விளைவைத் தேர்ந்தெடுத்து அங்கேயும் பார்த்தார்கள். அங்கேயும் போலித் தொடர்பு எதுவும் தலைகாட்டவில்லை.

மருத்துவப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்யும் யாரிடமும் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். தன் கணக்கு பொய் சொல்லக்கூடிய இடத்தைத் தானே தேடிப் போய்ப் பார்ப்பது.

இதயமும் சர்க்கரையும்

முதல் கட்டுரைக்கு வந்த ஆட்சேபங்களில் வலுவானது ஒன்று. கொள்ளை நோய்க் காலத்தில் பயத்தால் மக்கள் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. கோவிட் வராதவர்களின் நோய்கள் பதிவாகாமலேயே போயிருக்கலாம். கோவிட் வந்தவர்களோ அடிக்கடி மருத்துவரைப் பார்த்திருப்பார்கள். அப்படியானால் வித்தியாசம் நோயில் இருக்கிறதா, பதிவில் இருக்கிறதா?

இதற்குப் பதிலாக அடுத்த கட்டுரைகளில் இரண்டு ஒப்பீட்டுக் குழுக்கள் வந்தன. ஒன்று அதே காலத்தில் கோவிட் வராமல் இருந்தவர்கள். இன்னொன்று, கொள்ளை நோய்க்கு முன்பு, 2017-இலிருந்து எடுத்த பழைய குழு. அப்போது கோவிடும் இல்லை, ஊரடங்கும் இல்லை, மருத்துவமனைக்குப் போகப் பயமும் இல்லை. இரண்டு குழுக்களோடும் ஒப்பிட்டு விடை ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஆட்சேபம் பெரிதும் வலுவிழக்கும்.

2022 பிப்ரவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்த இதய நோய்க் கட்டுரை இப்படித்தான் அமைந்தது. கோவிட் வந்தவர்கள் 1,53,760 பேர். அதே காலக் குழுவில் 56 லட்சத்துக்கு மேல், பழைய குழுவில் 58 லட்சத்துக்கு மேல். ஓராண்டில் ஏதாவது ஒரு இதய, ரத்தநாளப் பிரச்சினை கூடுதலாக வந்தவர்கள் ஆயிரத்துக்கு 45 பேர். தனித்தனியாகப் பார்த்தால் இதயச் செயலிழப்பு ஆயிரத்துக்குச் சுமார் 12, சீரற்ற இதயத் துடிப்பு சுமார் 11, நுரையீரலில் ரத்தக்கட்டி 5-க்கு மேல், பக்கவாதம் 4. மருத்துவமனையில் சேராதவர்களிடமும் கூடுதல் இருந்தது. வார்டில் சேர்ந்தவர்களிடம் அதைவிட அதிகம், ஐ.சி.யூ.வில் இருந்தவர்களிடம் மிக அதிகம். பழைய குழுவோடு ஒப்பிட்டாலும் இதே மாதிரிதான்.

செய்திகளில் இது 'இதயச் செயலிழப்பு அபாயம் 72 சதவீதம் அதிகம்' என்று வந்தது. அந்த எண்ணும் சரிதான். ஆனால் படிக்கிறவர், கோவிட் வந்த நூறு பேரில் 72 பேருக்கு இதயம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு நிறைய. ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர் கூடுதல் என்றால் ஒரு தனி மனிதர் தன் நிலையைப் பயமில்லாமல் புரிந்துகொள்ளலாம். அதே பன்னிரண்டைக் கோவிட் வந்த கோடிக்கணக்கானவர்களோடு பெருக்கிப் பார்த்தால் ஒரு நாட்டின் சுகாதார அமைச்சருக்குத் தூக்கம் வரக் கூடாது. அல்-அலி ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். வெளியே போகும்போது ஒன்றுதான் போய்ச் சேர்கிறது.

அடுத்த மாதமே சர்க்கரை நோய்க் கட்டுரை லான்செட் குழும இதழில் வந்தது. கோவிட் வந்த 1,81,280 பேரில், ஓராண்டில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் ஆயிரத்துக்கு 13-க்கு மேல் கூடுதல். கிட்டத்தட்ட அத்தனையும் இரண்டாம் வகை. இதற்கு முன்பு 2021 செப்டம்பரிலேயே சிறுநீரகம் பற்றித் தனிக் கட்டுரை வந்திருந்தது. சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும் உறுப்பு என்பதால் சோதனை செய்யாமல் யாருக்கும் தெரியவராது என்பது அல்-அலியின் சொந்தத் துறை அறிவு.

மறுதொற்றுக் கட்டுரை

2022 நவம்பரில் வந்த மறுதொற்றுக் கட்டுரை அளவுக்கு அவருடைய வேறெந்தக் கட்டுரையும் தவறாகப் படிக்கப்படவில்லை. ஒரு முறை மட்டும் தொற்று வந்த 4,43,588 பேரையும், இரண்டாவது முறையோ அதற்கு மேலோ வந்த 40,947 பேரையும் அது ஒப்பிட்டது. மறுபடி தொற்று வந்தவர்களுக்கு மரணம், மருத்துவமனைச் சேர்க்கை, உறுப்புப் பாதிப்பு எல்லாமே அதிகம் என்று கண்டது.

'இரண்டாவது கோவிட் முதல் கோவிடைவிட மோசம்' என்று இது பரவியது. கட்டுரை அதைக் கேட்கவே இல்லை. அது கேட்டது: ஏற்கெனவே ஒரு முறை வந்தவருக்கு, இன்னொரு முறை வராமல் இருப்பதைவிட வருவது கெடுதலா? விடை ஆம். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அங்கே தராசில் வைக்கப்படவில்லை. 2022-இல் தொற்று வந்தும் பதிவாகாதவர்கள் எக்கச்சக்கம். வீட்டில் சோதித்துவிட்டு விட்டவர்கள், சோதிக்காமலே விட்டவர்கள். பதிவில் மறுதொற்று இருப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவரை நாடும் அளவுக்கு உடம்புக்கு முடியாதவர்கள். அதனால் அபாயம் மிகையாகத் தெரிய வாய்ப்பு உண்டு என்று விமர்சகர்கள் சொன்னதில் பலம் இருக்கிறது. என் கணிப்பில், இந்த வரிசையிலேயே மிகவும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டுரை இதுதான்.

ஒரே பதிவு, இரண்டு விடைகள்

பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரையின் கதையை யாரும் தவறவிடக் கூடாது. 2023-இல் அல்-அலி குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கோவிட் உறுதியான ஐந்து நாளுக்குள் பாக்ஸ்லோவிட்டின் முக்கிய மருந்தான நிர்மாட்ரெல்விர் வாங்கியவர்கள் 35,717 பேர். வாங்காதவர்களோடு ஒப்பிட்டால் ஆறு மாதத்தில் லாங் கோவிட் அபாயம் 26 சதவீதம் குறைவு.

அதே ஆண்டின் பிற்பகுதியில், அதே படைவீரர் பதிவுகளை வைத்து வேறொரு குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் மாத்திரை வாங்கிய ஒவ்வொருவருக்கும், வயது, நோய்கள் உட்பட பலவற்றில் ஒத்துப்போகும் வாங்காத ஒருவரைத் தேடி 9,593 ஜோடிகளை அமைத்தார்கள். 31 பிரச்சினைகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ரத்தக்கட்டி தவிர மற்றவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

யார் சொல்வது சரி? இப்படிக் கேட்டால் விடை கிடைக்காது. கோவிட் வந்த முதல் நாளே மருத்துவருக்குப் போன் செய்து மாத்திரை கேட்பவரும், மூச்சுத் திணறும்வரை காத்திருப்பவரும் வேறு மாதிரியான மனிதர்கள். தன் உடம்பைக் கவனிக்கும் விதத்தில், மருத்துவரை நம்பும் விதத்தில், பணவசதியில் வேறுபட்டவர்கள். இந்த வித்தியாசங்களில் பாதிதான் பதிவில் இருக்கும். இருக்கிற பாதியை எப்படிச் சமன்படுத்துவது என்பதில் இரண்டு குழுக்களும் இரண்டு வழிகளில் போயின. எதை லாங் கோவிட் என்று எண்ணுவது என்பதிலும் வேறுபட்டன. பதிவுகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியில் அவற்றால் கடைசி வார்த்தை சொல்ல முடியாது. அதற்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும் மருத்துவச் சோதனைதான் வேண்டும்.

அப்படி ஒரு சோதனை ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. ஏற்கெனவே லாங் கோவிடில் இருந்த 155 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 15 நாள் நிர்மாட்ரெல்விர் கொடுத்தார்கள். 2024-இல் முடிவு வந்தது: அறிகுறிகளில் பயன் தெரியவில்லை. ஆனால் இது வேறு கேள்வி. வந்த லாங் கோவிடைக் குணப்படுத்துமா என்று அங்கே கேட்டார்கள்; வராமல் தடுக்குமா என்பது அல்-அலி கேட்டது. இரண்டையும் ஒன்றாக்கி 'மாத்திரை தோற்றது' என்று எழுதுவதும் தவறு, 'மாத்திரை காக்கும்' என்று எழுதுவதும் தவறு.

தடுப்பூசி எவ்வளவு காத்தது?

2022 மே மாதக் கட்டுரை பலரையும் கலங்க வைத்தது. தடுப்பூசி போட்ட பிறகும் கோவிட் வந்த 33,940 பேரை எடுத்து, போடாமல் வந்தவர்களோடு ஆறு மாத அளவில் ஒப்பிட்டபோது, இறப்பு அபாயம் 34 சதவீதம் குறைந்திருந்தாலும் லாங் கோவிட் அபாயம் 15 சதவீதம்தான் குறைந்திருந்தது. தடுப்பூசியே வீண் என்று பேசியவர்கள் இந்த 15-ஐப் பிடித்துக்கொண்டார்கள்.

2024 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த கட்டுரையைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த 15-ஐ மட்டும் எடுத்துச் செல்வது நியாயமில்லை. தொற்று வந்த 4,41,583 பேர், வராத 47 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். காலத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: டெல்டாவுக்கு முன், டெல்டா, ஒமிக்ரான். ஓராண்டு முடிவில் தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 10.42, 9.51, 7.76 என்று லாங் கோவிட் படிப்படியாக இறங்கியது. போட்டவர்களில் டெல்டா காலத்தில் 5.34, ஒமிக்ரான் காலத்தில் 3.50. மொத்த இறக்கத்தில் சுமார் 72 சதவீதத்துக்குத் தடுப்பூசியும், மீதி 28 சதவீதத்துக்கு வைரஸின் மாற்றம், சிகிச்சை முன்னேற்றம் போன்றவையும் காரணம் என்று குழு கணக்கிட்டது.

டெல்டா காலத்திலேயே போடாதவருக்கும் போட்டவருக்கும் இடையே கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வித்தியாசம். இது ஒரு தெளிவான நல்ல செய்தி, அப்படியே சொல்ல வேண்டிய செய்தி. கூடவே 3.50 என்றால் ஆயிரத்துக்கு 35 பேர். ஒமிக்ரான் லேசானது, தடுப்பூசியும் போட்டாயிற்று என்று கவலையை விட்ட காலத்திலும் ஆயிரம் பேரில் 35 பேர் ஓராண்டு கழித்து ஏதோ ஒரு வடிவில் அவதிப்பட்டார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

பதிவில் இல்லாதவர்கள்

படைவீரர் பதிவுகளின் பெரிய குறை எல்லோருக்கும் தெரிந்தது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சராசரி வயது அறுபதைச் சுற்றி. பெண்கள் பத்தில் ஒருவர் அளவுதான். எண்ணிக்கையில் அதுவே பல ஆயிரம் வரும் என்பதால் தனியாக ஆராய முடிகிறது என்று அல்-அலி தரப்பு சொல்வது உண்மைதான். ஆனாலும் லாங் கோவிடால் அதிகம் முடங்கியவர்கள் நடுவயதுப் பெண்கள் என்று பல கணக்கெடுப்புகள் காட்டின. நோயாளிகள் நடத்திய அந்த 56 நாட்டுக் கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இன்னொரு குறையைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருத்துவப் பதிவு, மருத்துவர் எழுதியதை மட்டுமே காட்டும். சர்க்கரைக்கு ஒரு ரத்தச் சோதனை உண்டு, மாரடைப்புக்கு ஈ.சி.ஜி. உண்டு. துணி துவைத்துக் காயப்போட்ட மறுநாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பதற்கு என்ன சோதனை? சிறிய உழைப்புக்குப் பிறகு ஒரு நாளோ ஒரு வாரமோ உடல் விழுந்துவிடும் இந்த நிலைதான் பல லாங் கோவிட் நோயாளிகளின் வாழ்க்கையைப் பறித்தது. மருத்துவர் 'உடல் சோர்வு' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டால் பதிவில் அது அவ்வளவுதான். எழுதாமல் விட்டால் அதுவும் இல்லை. லாங் கோவிடுக்கென்று தனி நோய்க் குறியீடே அமெரிக்காவில் 2021 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் அல்-அலியின் எண்கள் இதயம், சிறுநீரகம், சர்க்கரை போன்ற அளக்கக்கூடிய பக்கத்தைப் பளிச்சென்று காட்டுகின்றன. அளக்க முடியாத பக்கத்தைக் காட்டியவர்கள் நோயாளிகளே. 2024-இல் நேச்சர் மெடிசினில் வந்த நீண்ட ஆய்வுரையில் அல்-அலியோடு நோயாளி ஆய்வாளர் ஹன்னா டேவிஸ் உள்ளிட்டோரும், நோயெதிர்ப்பு ஆய்வாளர் அகிகோ இவாசாகியும் சேர்ந்து எழுதியது இதனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் லாங் கோவிட் வந்திருக்கும் என்று அந்த ஆய்வுரை மதிப்பிட்டது.

கோவிடுக்கு முன்பே தெரிந்தது

தொற்று போன பிறகும் நோய் நிற்பது கோவிடோடு தொடங்கியதில்லை. 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா வந்து போனது நினைவிருப்பவர்களுக்கு, காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் கணுக்காலும் விரல் மூட்டும் விடாமல் வலித்தது சொல்லாமலே தெரியும். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் டப்போ நகரைச் சுற்றி நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. இயன் ஹிக்கி, ஆண்ட்ரூ லாயிட் முதலியோர் 253 பேரை நோய் தொடங்கியதிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ், சிலருக்குக் கொசுவால் வரும் ராஸ் ரிவர் வைரஸ், சிலருக்குக் கியூ காய்ச்சல் என்ற பாக்டீரியா நோய். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிருமிகள். ஆனால் ஆறு மாதம் கழித்தும் முடக்கும் சோர்வில் இருந்தவர்கள் சுமார் 12 சதவீதம், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. யார் அதில் மாட்டுவார்கள் என்பதை அவர்களுடைய பழைய மனநிலை சொல்லவில்லை. முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே சொன்னது.

பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தது. லைபீரியாவில் உயிர் தப்பிய 966 பேரை, அவர்களோடு நெருங்கியிருந்தும் நோய் வராத 2,350 பேரோடு ஒப்பிட்டார்கள். மூட்டுவலி, தலைவலி, மறதி, கண்ணுக்குள் வீக்கம் எல்லாம் தப்பியவர்களிடம் அதிகம். ஒப்பிட்ட குழுவிலும் பலருக்குத் தலைவலி இருந்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. அல்-அலி செய்ததும் இந்த வழியில்தான், ஆயிரம் மடங்கு பெரிய கூட்டத்தை வைத்து. 2024 ஜனவரி 18 அன்று அமெரிக்க செனட் குழு முன்பு சாட்சியம் சொன்னபோது, கோவிடை மட்டும் பேசாமல், தொற்றுக்குப் பின் வரும் நாட்பட்ட நோய்கள் அனைத்துக்கும் சேர்த்து ஆராய்ச்சி வேண்டும் என்று அவர் கேட்டார். டப்போ ஆய்வைப் படித்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

மூன்றாம் ஆண்டும் நம் ஊர்ப் பதிவும்

2024 மே மாதக் கட்டுரை மூன்று ஆண்டு பின்தொடர்தலைக் கொடுத்தது. 2020-இல் தொற்று வந்து மருத்துவமனையில் சேராதவர்களிடம், கூடுதல் மரண அபாயம் முதல் ஆண்டோடு மறைந்துவிட்டது. லாங் கோவிட் பிரச்சினைகள் குறைந்தாலும் மூன்றாம் ஆண்டிலும் பூஜ்யத்துக்கு வரவில்லை. மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடமோ மூன்றாம் ஆண்டிலும் மரண அபாயம் 29 சதவீதம் அதிகமாகவே இருந்தது. வீட்டில் இருந்து தேறியவருக்கு இதில் ஆறுதல் இருக்கிறது. வார்டிலிருந்து திரும்பியவருக்குத் தொடர்ந்து கவனிப்பு வேண்டும்.

இந்தியாவில் இதற்கு நெருங்கி வந்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேடு. 31 மருத்துவமனைகளில் கோவிடுக்குச் சேர்ந்து வீடு திரும்பிய 14,419 பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 6.5 சதவீதம். தொற்றுக்கு முன் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. முடிவு 2023 ஆகஸ்டில் வந்தது. மதிப்புள்ள வேலை. ஆனால் அதில் வீட்டில் தனிமைப்படுத்திக்கொண்டவர்கள் இல்லை. 2021 மே மாதம் நம் தெருக்களில் ஆவி பிடித்துக்கொண்டும் ஆக்சிமீட்டரில் விரலை விட்டுக்கொண்டும் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை புதுச் சீட்டு. தனியார் மருத்துவமனைக்குப் போனால் அது தனிக் கோப்பு. அவருக்கு அப்புறம் சர்க்கரை வந்ததா என்று பின்னோக்கிப் பார்க்க ஒரு இடம் இல்லை.

முழுக்க இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாடு முழுவதும் எடுத்த கோவிட் சோதனை ஒவ்வொன்றும் தொலைபேசி எண்ணோடு ஆய்வகங்கள் வழியே ஒரே தளத்தில் ஏற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பதிகிறார்கள். பெயர்களை மறைத்து, தனிமனித ரகசியம் காத்து இந்த இரண்டையும் ஒரு மாவட்டத்தில் இணைத்தால்கூட, 2021-இல் பாசிட்டிவ் ஆனவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் கூடுதலாகச் சர்க்கரை மாத்திரை தொடங்கினார்கள் என்று பார்க்கலாம். நெகட்டிவ் வந்தவர்களும் அதே தளத்தில் இருப்பதால் ஒப்பீட்டுக் குழுவும் கையிலேயே இருக்கிறது. ஒற்றைப்படைத் தேதியில் சோதனை செய்தவர்களையும் இரட்டைப்படைத் தேதியில் செய்தவர்களையும் பிரித்துப் பார்க்கும் அந்தச் சோதனையையும் முதலிலேயே செய்துவிடலாம்.